வீடு மாறிய பிறகு முகவரி மாற்றுவது எப்படி? நெல்லை, தென்காசி மாவட்டத்தாருக்கு முழு வழிகாட்டி

பால் காய்ச்சிய கையோடு எல்லா அலுவலகத்துக்கும் ஓடுவதால் முகவரி மாறிவிடாது. வங்கிக்குப் போனால் ஆதார் கேட்பார்கள், ஆதாருக்குப் போனால் உங்கள் பெயரில் ஒரு சான்று கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரரிடம் அந்த ஒரு சான்றுதான் இருக்காது. மின் அட்டை, வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது மூன்றும் வீட்டுக்கார அண்ணாச்சி பெயரில் இருக்கும். ஆகவே புது முகவரியில் உங்கள் பெயரைத் தாங்கிய முதல் காகிதத்தை எப்படி உண்டாக்குவது என்பதுதான் முதல் கேள்வி. அது கைக்கு வந்துவிட்டால் மற்றவை வரிசையாக நடக்கும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும் வரிசை இது: வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கி, ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் (வாகனப் பதிவுச் சான்று), பிறகு மற்றவை. தபால் திருப்பிவிடும் மனு மட்டும் இந்த வரிசையில் சேராது. அதைச் சாமான் ஏற்றும் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

முதலில் முகவரியை ஒரே மாதிரி எழுதி வையுங்கள்

எந்த விண்ணப்பத்தையும் தொடுவதற்கு முன் புது முகவரியைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் எழுதி, கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இனி எங்கே கேட்டாலும் அதை அப்படியே பார்த்து எழுத வேண்டும். ஆதாரில் ‘பாளையங்கோட்டை’, வங்கியில் ‘பாளை’, கேஸ் புத்தகத்தில் வெறும் ‘திருநெல்வேலி’ என்று இருந்தால், வருங்காலத்தில் ஏதாவது ஒரு கவுண்டரில் ‘முகவரி பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். திருநெல்வேலியை எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறோம், பாளையங்கோட்டைக்கு நடுவில் எம் போடுகிறவர்களும் உண்டு, என் போடுகிறவர்களும் உண்டு. எது சரி என்று வாதாட வேண்டாம். ஆதார் இணையதளம் பின்கோடை அடித்தவுடன் எந்த எழுத்துக்கூட்டலைக் காட்டுகிறதோ, அதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முகவரியில் இருக்க வேண்டியவை:

கதவு எண். பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வரி ரசீதில் ஒன்றும் வாசல் தகட்டில் வேறொன்றும் இருப்பது நெல்லை டவுனிலும் மேலப்பாளையத்திலும் சாதாரணம். மாடி வீடு, பின்கட்டு வீடு என்றால் அதையும் சேர்க்க வேண்டும். ஒரே கதவு எண்ணில் மூன்று குடித்தனம் இருந்தால், ரேஷன் அட்டை விசாரணைக்கு வருகிறவருக்கு ‘முதல் மாடி’ என்ற ஒரு சொல் பெரிய உதவி.

தெருவும் நகரும். வடக்குத் தெரு, மேலத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு ஆகியவை இல்லாத ஊர் நம் சீமையில் கிடையாது. அண்ணா நகர், காந்தி நகர், சாந்தி நகர் போன்ற பெயர்களும் அப்படித்தான். பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் தெருவுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். மூன்றாவது தெருவா, மூன்றாவது குறுக்குத் தெருவா என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் தபால் ஒரு சுற்று சுற்றித்தான் வரும். டவுனில் ரத வீதி என்று மட்டும் எழுதக் கூடாது. கீழ, மேல, தெற்கு, வடக்கு என்ற முன்னொட்டு கட்டாயம் வேண்டும்.

அஞ்சலகத்தின் பெயர். கிராமத்துக்கு இதுதான் உயிர். ஊர் பெயர் ஒன்று, தபால் வரும் அஞ்சலகம் இன்னொன்று என்று இருக்கும். ஊரில் கிளை அஞ்சலகம் இருந்தாலும், அது ஒரு துணை அஞ்சலகத்தின் கீழ் இருக்கும். பின்கோடு அந்தத் துணை அஞ்சலகத்துக்குரியது. ‘முக்கூடல் வழி’, ‘களக்காடு வழி’ என்று பெரியவர்கள் எழுதியது சும்மா இல்லை.

பின்கோடு. 627 என்ற முதல் மூன்று இலக்கம் தபாலைப் பிரித்து அனுப்பும் அஞ்சல் மாவட்டம் எது என்பதையும், கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் சொல்லும். திருநெல்வேலி தலைமை அஞ்சலகம் 627001, பாளையங்கோட்டை 627002, டவுன் 627006, பெருமாள்புரம் 627007, மகாராஜநகர் 627011. நகரம் விரிந்துகொண்டே போகிற எல்லைப் பகுதிகளில் எதிர் வரிசை வீட்டுக்கு வேறு பின்கோடு இருக்கலாம். அதனால் பக்கத்து வீட்டில் கேட்டதோடு நிற்காமல், அந்தத் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதே முடிவு.

அடையாளத்தைக் கடைசியில் எழுதுங்கள். பல விண்ணப்பங்களில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு உண்டு, மிஞ்சினால் வெட்டிவிடும். ‘தண்ணீர்த் தொட்டி அருகில்’ வெட்டப்பட்டால் நஷ்டமில்லை, கதவு எண் வெட்டப்பட்டால் நஷ்டம்.

திருநெல்வேலி மாவட்டமா, தென்காசி மாவட்டமா?

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 முதல் தனியாகச் செயல்படுகிறது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம் ஆகிய வட்டங்கள் அதில் உள்ளன. மாவட்டம் பிரிந்தாலும் பின்கோடு பிரியவில்லை. தென்காசி இன்றும் 627811தான். அதனால் சில இணையதளங்கள் 627 என்று அடித்தவுடன் மாவட்டக் கட்டத்தில் திருநெல்வேலி என்று நிரப்பிவிடுகின்றன. மாற்ற இடம் இருந்தால் தென்காசி என்று மாற்றுங்கள். மாற்ற முடியாமல் பூட்டியிருந்தால், ஊர் பெயர் வரியிலேயே ‘தென்காசி மாவட்டம்’ என்று சேர்த்து எழுதுங்கள். பின்கோடு சரியாக இருக்கும்வரை தபால் வந்து சேரும்.

பழைய சான்றில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பதற்காக மட்டும் அதை மாற்ற அலைய வேண்டியதில்லை. எப்படியும் வீடு மாறும்போது புது மாவட்டப் பெயரையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம்.

அஞ்சலகத்தில் திருப்பிவிடும் மனு

இதைப் புது ஊர் அஞ்சலகத்தில் கொடுக்கக் கூடாது. பலர் செய்யும் தவறு இது. பழைய முகவரிக்குத் தபால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில், போஸ்ட் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய பின்கோடு எந்த அஞ்சலகத்துக்குரியதோ அதுதான் இடம். வாசகம் இவ்வளவு போதும்:

“ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இதுவரை (பழைய முகவரி, பின்கோடு) என்ற முகவரியில் குடியிருந்தோம். (தேதி) முதல் (புது முகவரி, பின்கோடு) என்ற முகவரிக்குக் குடிபெயர்கிறோம். எங்கள் பெயருக்கு வரும் தபால்களைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

கீழே வயதுவந்த ஒவ்வொருவரும் தங்கள் பெயரை, தபாலில் எப்படி வருமோ அப்படி எழுதி, கையெழுத்திட வேண்டும். அப்பா கையெழுத்திட்டால் மகன் பெயருக்கு வரும் தபாலும் திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள். அடையாள அட்டை நகல் ஒன்று இணைத்து, இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு நிரந்தரமில்லை, காலக்கெடு உண்டு. எந்தத் தேதி வரை என்று கேட்டுக் குறித்துவைத்து, தேவைப்பட்டால் முடிவதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும்.

மனு கொடுத்த கையோடு பழைய தெருவின் தபால்கார அண்ணாச்சியை நேரில் பார்த்து, புது முகவரியும் கைபேசி எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கொடுப்பது, மனுவைவிட வேகமாக வேலை செய்யும். கட்டைப் பிரித்து அடுக்குவது அவர் கைதான்.

இந்த மனு செல்லாத இடங்களும் உண்டு. தனியார் கூரியர்களுக்கு இதனோடு சம்பந்தமே இல்லை. வங்கி அனுப்பும் ஏ.டி.எம். அட்டை, கடன் அட்டை உறைகள் வழக்கமாக வேறு முகவரிக்குத் திருப்பப்படாமல் அனுப்பியவருக்கே போய்விடும். பாஸ்போர்ட்டும் அப்படியே.

இன்னொரு விஷயம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவுத் தபாலை உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம், உரியவரிடம் மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் அனுப்புகிறவர் அதற்கான கூடுதல் சேவையைச் சேர்க்க வேண்டும். ஆகவே பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் உங்கள் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு, அலமாரி மேல் வைத்து மறந்துபோக வாய்ப்பு அதிகம். பழைய வீட்டுக்கார ஆச்சியிடமும் புதுக் குடித்தனக்காரரிடமும் “எங்க பேருக்கு வந்தா வாங்காதீங்க, இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்லி வையுங்கள்.

முதல் சான்று: ஒப்பந்தமும் கேஸும்

வாடகை ஒப்பந்தம் இல்லாமல் வாய்வார்த்தையில் குடியேறுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. முகவரி மாற்றத்துக்கு அது பெரிய முட்டுக்கட்டை. நகர்ப்புற வாடகைக்குத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவெண் பெற வேண்டும். இதற்கென இணையதளமே இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரையோடு நிறுத்திக்கொள்வதே பரவலான வழக்கம் என்றாலும், வாக்காளர் விண்ணப்பம் போன்ற சிலவற்றில் பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான் ஏற்பார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் பதிந்துவிடுவதே நல்லது. வரி கேட்பார்களோ என்ற பயத்தில் சிலர் தயங்குவார்கள். வற்புறுத்தி வம்பு வளர்க்க வேண்டாம், அடுத்த வழி இருக்கிறது.

அந்த வழி கேஸ் இணைப்பு. அது உங்கள் பெயரில் இருக்கும், ஆவணம் கேட்பதும் குறைவு. எந்தத் தூரத்துக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று விதம்:

1. அதே ஏஜென்சியின் எல்லைக்குள் மாறினால், முகவரி மாற்றக் கடிதமும் வாடகை ஒப்பந்த நகலும் போதும். சிலிண்டரைத் தொட வேண்டாம்.

2. அதே ஊரில் வேறு ஏஜென்சிக்கு, உதாரணமாக டவுனிலிருந்து பாளைக்கு என்றால், பழைய ஏஜென்சியில் மாற்றக் கடிதம் வாங்கிப் புது ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களிடமே இருக்கும். அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள்.

3. தொலைவான ஊருக்கு, வள்ளியூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு என்பது போல என்றால், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்க வேண்டும். புது ஊரில் இன்றைய விகிதத்தில் முன்பணம் கட்ட வேண்டும். பழைய இணைப்பு இருபது வருஷத்துக்கு முந்தையது என்றால், திரும்பக் கிடைக்கும் தொகைக்கும் கட்ட வேண்டிய தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

புது முகவரி அச்சான முதல் கேஸ் ரசீது வந்ததும் பத்திரப்படுத்துங்கள். ஆதாருக்கு அது மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தமும் இல்லை, கேஸும் பெயரில் இல்லை என்றால், ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தைப் பயன்படுத்தலாம். கெசட்டட் அதிகாரி, வட்டாட்சியர், சட்டமன்ற உறுப்பினர், மாமன்ற உறுப்பினர், கிராமத்தில் ஊராட்சித் தலைவர் ஆகியோர் கையெழுத்திடலாம். படிவத்தில் ஒட்டிய புகைப்படத்தின் மேலும் பாதி படும்படி கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். தேதி போடாமல் வாங்கி வந்தால் வீண். கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும்.

ஆதார்

ஆதாரில் கைபேசி எண் இணைந்திருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும். சில அஞ்சலகங்கள், சில வங்கிக் கிளைகள், வட்டாட்சியர் அலுவலக வளாகங்களில் மையங்கள் உள்ளன. முகவரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பெயருக்கு இருப்பதுபோல் வரம்பு இல்லை. கட்டணம் 75 ரூபாய்.

இணையத்தில் செய்யும் முறை: மைஆதார் தளத்தில் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து நுழையுங்கள். முகவரி புதுப்பித்தலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பராமரிப்பாளர் பெயருக்கான கட்டம் வரும். தந்தை பெயரோ கணவர் பெயரோ எழுதலாம். பின்கோடை அடித்தவுடன் மாநிலமும் மாவட்டமும் தானே வரும், ஊரையும் அஞ்சலகத்தையும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அடிக்க அடிக்கத் தமிழ்க் கட்டம் தானாக நிரம்பும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ‘மேலத் தெரு’ என்பது ‘மேல தேறு’ என்று வந்து நிற்கும், ‘பேட்டை’ என்பது ‘பெட்டை’ ஆகும். தமிழ்க் கட்டத்தில் திருத்த முடியும். பெரும்பாலோர் பார்க்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அச்சான பிறகு பார்த்துச் சிரித்துப் பயனில்லை.

பிறகு சான்றை ஏற்றுங்கள். மூலப் பிரதியின் வண்ண ஸ்கேன், 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். கட்டணம் செலுத்தியதும் கிடைக்கும் எஸ்.ஆர்.என். எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலவரம் அறிய அதுதான் வேண்டும்.

நிராகரிக்கப்படுவதற்கான காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். சான்று வீட்டுக்காரர் பெயரில் இருப்பது. உங்கள் பெயரின் இனிஷியல் சான்றில் முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்து, ஒன்றில் விரித்தும் மற்றதில் சுருக்கியும் எழுதப்பட்டிருப்பது. நகலின் நகலை ஸ்கேன் செய்வது. பல பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தை விட்டுவிடுவது. விண்ணப்பத்தில் நீங்கள் அடித்த கதவு எண் சான்றில் இல்லாதது.

குடும்பத்தில் ஒருவர் ஆதார் மாறிவிட்டால் மற்றவர்களுக்குத் தனித்தனிச் சான்று தேட வேண்டாம். 2023 முதல் ‘குடும்பத் தலைவர் வழி’ முகவரி மாற்றம் இருக்கிறது. மனைவியோ பிள்ளைகளோ தங்கள் கணக்கில் நுழைந்து, குடும்பத் தலைவரின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுக்குச் சான்றாக ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்ற ஒன்றை ஏற்ற வேண்டும். உறவுச் சான்று இல்லையென்றால் தலைவரின் சுய உறுதிமொழி போதும். பிறகு தலைவர் தன் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் விண்ணப்பம் மூடப்படும், பணம் திரும்ப வராது.

ஆதார் மாறிய பிறகும் பர்ஸில் இருக்கும் பழைய அட்டை பழைய முகவரியைத்தான் காட்டும். புது இ-ஆதாரை இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் பி.வி.சி. அட்டைக்குப் பணம் கட்டலாம்.

ரேஷன் அட்டை

பொது விநியோகத் துறையின் இணையதளத்தில், அட்டையோடு பதிந்த கைபேசி எண்ணால் நுழைந்து, முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் முடியும். குடும்பத் தலைவரின் புது ஆதார், கேஸ் ரசீது அல்லது ஒப்பந்தம் இணைக்க வேண்டும். விண்ணப்பம் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகும். டவுனிலிருந்து பாளைக்கு மாறுகிறவர்கள் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கிறோம் என்று நினைப்பார்கள். ஆனால் திருநெல்வேலி வட்டமும் பாளையங்கோட்டை வட்டமும் வேறுவேறு, வழங்கல் அலுவலகமும் வேறு. விண்ணப்பத்தின் நிலவரம் கேட்டுப் பழைய அலுவலகத்துக்கு நடந்தால் கால்தான் வலிக்கும்.

விசாரணைக்கு வரும்போது தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே வீட்டில் வீட்டுக்காரர் அட்டையும் உங்கள் அட்டையும் ஒரே கதவு எண்ணில் இருந்தால் கேள்வி வரும். மாடி, பின்கட்டு என்று முகவரியில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

மாற்றம் நடக்கும்வரை பட்டினி கிடக்க வேண்டாம். 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். இருப்பு இருந்தால் தருவார்கள், மாதக் கடைசியில் போனால் கையை விரிப்பார்கள். பொங்கல் தொகுப்பு மட்டும் வழக்கமாக அட்டை இணைந்த கடையில் டோக்கன் முறையில் தருவது. கார்த்திகை பிறப்பதற்குள் கடை மாற்றத்தை முடித்துக்கொண்டால் தை மாதத்தில் அலைச்சல் இல்லை. உதவிக்கு 1967.

வாக்காளர் பட்டியல்

குடிபெயர்ந்தவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. படிவம் 6 புது வாக்காளருக்கானது. தெரியாமல் படிவம் 6 போட்டால் இரண்டு இடத்தில் பெயர் வரும், அது சட்டப்படி குற்றம். ஆனால் ஒரு விதிவிலக்கு. 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ‘குடிபெயர்ந்தவர்’ என்று குறித்துப் பெயரை நீக்கியிருந்தால், மாற்றுவதற்குப் பழைய பதிவே இல்லை. அவர்கள் படிவம் 6-தான் கொடுக்க வேண்டும். எனவே முதல் வேலை, உங்கள் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

படிவம் 8-இல் நான்கு காரணங்கள் இருக்கும். ‘வசிப்பிட மாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே தொகுதிக்குள்ளா, வெளியேவா என்று குறிக்க வேண்டும். மாநகரில் பெரும்பாலும் தாமிரபரணியைத் தாண்டினால் தொகுதி மாறும். மேற்கே டவுன், ஜங்ஷன் பக்கம் திருநெல்வேலித் தொகுதி, கிழக்கே பாளையங்கோட்டைத் தொகுதி. ஆலங்குளத்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம். சட்டமன்றத் தொகுதி தென்காசி மாவட்டத்தில், நாடாளுமன்றத்துக்கு மட்டும் திருநெல்வேலித் தொகுதி. படிவத்தில் கேட்பது சட்டமன்றத் தொகுதிதான்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். விண்ணப்பித்தபின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். வீடு பூட்டியிருந்தால் ‘அந்த முகவரியில் இல்லை’ என்று எழுதிவிடக்கூடும், ஆகவே கைபேசி எண்ணைச் சரியாகக் கொடுங்கள். அடையாள அட்டை எண் மாறாது, புது முகவரியோடு அட்டை மட்டும் தபாலில் வரும். உதவிக்கு 1950.

வங்கி

ஆதார் மாறியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆதார் மாறுவதற்கு முன்பே அவசரம் என்றால், ரிசர்வ் வங்கி விதி ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மிகாத மின்கட்டண, தொலைபேசி அல்லது கேஸ் ரசீது, சொத்துவரி ரசீது, ஓய்வூதிய ஆணை போன்றவற்றைத் தற்காலிகமாக ஏற்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் புது முகவரி உள்ள ஆதாரையோ அதுபோன்ற அடையாளச் சான்றையோ கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர் முகவரி மட்டும் மாறினால் சுய உறுதிமொழி கொடுக்கலாம். வங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரியைச் சரிபார்க்க வேண்டும். கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ பார்ப்பார்கள். அந்தக் கடிதம் திரும்பிப் போனால் சிக்கல்.

முகவரி மாற்றமும் கிளை மாற்றமும் வேறு. வீடு மாறியதற்காகக் கிளையை மாற்றத் தேவையில்லை. மாற்றினால் கணக்கு எண் அதே, கிளைக் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. மாறும். சம்பளம், ஓய்வூதியம் வரும் இடங்களில் அதையும் சொல்ல வேண்டிவரும். லாக்கர், நகைக்கடன் இருந்தால் அவற்றின் பதிவேட்டிலும் முகவரி தனியாக மாற வேண்டும். நகை ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போவதைப்போல் கேடு வேறில்லை.

ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும்

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கையில் தரப்படுவதில்லை, தபாலில்தான் வரும். முகவரி தவறி அட்டை திரும்பிப் போனால் மீட்பது இழுபறி. அதனால் ஆதார் மாறிய பிறகுதான் இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பரிவாகன் தளத்தில் உரிமத்துக்குத் தனி, வாகனத்துக்குத் தனி விண்ணப்பம். வாகனத்துக்குச் சட்டப்படி 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், படிவம் 33. காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் வேண்டும். திருநெல்வேலி 72, தென்காசி 76, தூத்துக்குடி 69 என்று எண் வரிசை வேறானாலும், மாநிலத்துக்குள் மாறும்போது வண்டி எண் மாறாது. எண் பலகையைக் கழற்ற வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்திடமும் தனியாகச் சொல்லுங்கள், ஆர்.சி. மாறியதால் அது தானாக மாறாது.

மீதி

பாஸ்போர்ட்டில் முகவரி மாற்றம் என்பது மறுவெளியீடு, புதுப் புத்தகமே வரும், போலீஸ் விசாரணையும் இருக்கலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் காலாவதி நெருங்கும்போது சேர்த்துச் செய்துகொள்வது லாபம். பான் அட்டையில் முகவரி அச்சாகாது, ஆனாலும் வருமான வரித் தளத்தின் சுயவிவரத்தில் மாற்றிவிடுங்கள். எல்.ஐ.சி.க்குப் பாலிசி இருக்கும் கிளையில் கடிதம், அல்லது இணையம். பங்கு வைத்திருப்பவர்கள் டீமேட் கணக்கில் மாற்றினால் போதும். ஓய்வூதியர்கள் வங்கியோடு கருவூலத்திலும் சொல்ல வேண்டும். பள்ளி, பத்திரிகைச் சந்தா, சீட்டு, கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சாமான், உணவு வரவழைக்கும் செயலிகளில் பழைய முகவரியை அழித்தே விடுங்கள். அங்கே அது முதல் தேர்வாக இருந்துகொண்டு, பிரியாணி பழைய வீட்டுக்குப் போய் நிற்கும்.

பழைய வீட்டு மின் மீட்டரைச் சாவி கொடுக்கும் நாளில் படம் எடுத்து வையுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கடைசிக் கணக்கில் தகராறு வராமல் இருக்க இது உதவும். புது வீட்டு மின் இணைப்போடு உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்தால் கட்டணக் குறுஞ்செய்தி உங்களுக்கே வரும். பெயர் மாற்றம் என்பது வீட்டுக்கு உரிமையாளர் ஆனவர்களுக்கு மட்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 50 பைசா அஞ்சலட்டை போதும். இரண்டு வாங்கி, ஒன்றைப் பழைய முகவரிக்கும் ஒன்றைப் புது முகவரிக்கும் உங்கள் பெயருக்கே எழுதி, வேறு ஊரிலிருந்து போடச் சொல்லுங்கள். புது முகவரி அட்டை வரவில்லையென்றால் பின்கோடோ அஞ்சலகப் பெயரோ தவறு, முக்கியமான தபால் எதுவும் கிளம்புவதற்குள் திருத்திவிடலாம். பழைய முகவரி அட்டை வரவில்லையென்றால், முத்திரை வாங்கிய மனு நகலை எடுத்துக்கொண்டு அந்த அஞ்சலகத்துக்குப் போங்கள்.